லண்டனுக்குப் பிழைக்க வந்த ஓவியர்: மேடை நடிகர்களைக் காப்பாற்றிக் கொடுத்த ஸோஃபனி

யோஹான் ஸோஃபனி என்ற பெயரை நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். ஆனால் வாரன் ஹேஸ்டிங்ஸ் படத்தையோ, லக்னோ நவாபின் சேவல் சண்டை ஓவியத்தையோ ஏதாவது ஒரு வரலாற்றுப் புத்தகத்தில் பார்த்திருப்போம். ரெண்டையும் வரைந்தது இவர்தான். கலை வரலாறு படித்தவர்களுக்கு இவர் 18-ம் நூற்றாண்டு இங்கிலாந்தின் பெரிய பெயர்களில் ஒருவர். எனக்கு இவர் வேறொரு காரணத்துக்காக முக்கியம். வேறு நாட்டில் பிறந்து, பிழைப்புக்காக லண்டன் வந்து, முதலில் பெயர் தெரியாத வேலைகளைச் செய்து, பிறகு இந்த ஊர்க்காரர்களின் சிரிப்பையே அவர்களுக்கு வரைந்து கொடுத்தவர்.

நான் கலை படித்தவன் இல்லை. படித்தது பொறியியல், பார்ப்பது மென்பொருள் வேலை, இருப்பது மேற்கு லண்டனில். வார இறுதியில் தேம்ஸ் கரையோரம் நடக்கப் போவேன். க்யூ பாலத்துக்குப் பக்கத்தில் ஸ்ட்ராண்ட் ஆன் தி கிரீன் என்று ஒரு பழைய கரையோரத் தெரு இருக்கிறது. அங்கே ஒரு வீட்டுக்கு ஸோஃபனி வீடு என்றே பெயர். இந்தப் பெயர் இங்கிலீஷ்காரன் பெயர் மாதிரி இல்லையே, யாருடா இவர்னு தேட ஆரம்பித்ததுதான். நாலு வருஷமாக விடாமல் படித்துக்கொண்டிருக்கிறேன்.

அவர் 1733 மார்ச் 13 அன்று ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகருக்கு அருகில் பிறந்தார். குடும்பத்தின் பூர்வீகம் பொஹீமியா. குடும்பப் பெயர் ஸௌஃபாலி. அப்பா நல்ல மரவேலைக் கலைஞர், தூர்ன் உண்ட் டாக்ஸிஸ் இளவரசரின் அரண்மனையில் வேலை பார்த்தவர். மகன் ரேகன்ஸ்பர்க் நகரில் ஓவியம் பழகினார். பதினேழு வயதில் ரோமுக்குப் போனார். திரும்பி வந்து ட்ரியர் நகரின் ஆட்சியாளரான பேராயரிடம் அரண்மனை ஓவியராகச் சேர்ந்தார். சம்பளம், இடம், மரியாதை எல்லாம் இருந்தது. அத்தனையையும் விட்டுவிட்டு 1760-ல் மனைவியோடு லண்டனுக்குக் கப்பல் ஏறினார். அப்போது வயது 27.

சொந்த ஊரில் நல்ல வேலை இருக்கும்போது எதுக்கு இங்கே வந்தேன்னு நம்மைக் கேட்பவர்கள் உண்டு. ஸோஃபனியையும் கேட்டிருப்பார்கள். லண்டனில் அன்றைக்குப் பணம் புரண்டது. வியாபாரிகளும் கம்பெனி அதிகாரிகளும் வீட்டுச் சுவரில் படம் மாட்ட ஆசைப்பட்டார்கள். அரண்மனையை மட்டும் நம்பாமல் ஓர் ஓவியன் வாழக்கூடிய ஊர் அது.

ஆனால் வந்த உடனே எதுவும் கிடைக்கவில்லை. மொழி தெரியாது, ஆள் தெரியாது. ஸ்டீபன் ரிம்போ என்ற கடிகாரத் தயாரிப்பாளரிடம் வேலைக்குச் சேர்ந்தார். பாட்டு வாசிக்கும் பெரிய கடிகாரங்கள் அவருடைய தயாரிப்பு. அவற்றின் முகப்பில் சின்னச் சின்னக் காட்சிகளை வரைவதுதான் வேலை. ரோமில் படித்து அரண்மனைக் கூரைக்கு வண்ணம் தீட்டிய கை, கடிகாரத் தகட்டில் பொம்மைக்காரர்களை வரைந்துகொண்டிருந்தது.

அடுத்து பெஞ்சமின் வில்சன் என்ற ஓவியரிடம் உதவியாளராகப் போனார். வில்சன் வாங்கும் படங்களில் உடை, துணி மடிப்பு, பின்னணி எல்லாம் வரைந்து தரவேண்டும். படத்தின் அடியில் வில்சன் பெயர்தான் இருக்கும். அந்தக் காலத்தில் இது சாதாரண நடைமுறை, யாரும் தப்பாக நினைக்கவில்லை. கான்ட்ராக்டில் வேலை பார்க்கும் நம்மாட்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நான் ஆறு மாதம் ராத்திரி பகலாக எழுதிய ஒரு ப்ராஜெக்ட் வெளியானபோது, நன்றி சொல்லி அனுப்பிய மின்னஞ்சலில் எங்கள் குழுவில் ஒருத்தர் பெயர்கூட இல்லை. அதில் கோபப்பட ஒன்றும் இல்லைன்னு எல்லாரும் சொன்னார்கள். ஆனாலும் அந்த மின்னஞ்சலை இன்னும் அழிக்கவில்லை.

இந்த நிலைமையை மாற்றியவர் ஒரு நடிகர். டேவிட் கேரிக். ட்ரூரி லேன் நாடக அரங்கத்தை 1747 முதல் 1776 வரை நடத்தியவர், அன்றைய இங்கிலாந்தின் மிகப் பெரிய நட்சத்திரம். வில்சனுடைய படங்களில் திடீரென்று வேறு ஒரு கை தெரிவதைக் கேரிக் கவனித்துவிட்டார், அந்தக் கைக்குச் சொந்தக்காரரைத் தேடிப்பிடித்தார் என்று சொல்வார்கள். எப்படியோ, 1762-ல் ஸோஃபனி நேரடியாகக் கேரிக்குக்கு வேலை செய்ய ஆரம்பித்தார். வில்சனுக்கு இது பிடிக்கவில்லை. நல்ல ஆள் கைவிட்டுப் போனால் எந்த முதலாளிக்குத்தான் பிடிக்கும்?

கேரிக் சாமர்த்தியமான வியாபாரி. தன் நடிப்பு அந்த ராத்திரியோடு முடிந்துபோகும் விஷயம் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். புகைப்படம் கிடையாது, சினிமா கிடையாது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நடித்து, திரை இறங்கினதும் எல்லாம் காற்றோடு போச்சு. அரங்கத்துக்கு வராதவனுக்குக் கேரிக் எப்படி நடித்தார் என்று காட்ட ஒரே வழி ஓவியம். ஓவியத்தைச் செப்புத் தகட்டில் ஏற்றிப் பிரதி எடுத்தால் ஊரெல்லாம் விற்கலாம். படம் கண்காட்சியில் தொங்கும், அதன் அச்சுப் பிரதி கடை ஜன்னலில் தொங்கும், பார்த்தவன் டிக்கெட் வாங்க வருவான். இன்றைக்கு நாம் போஸ்டர், டிரெய்லர்னு சொல்வதெல்லாம் இதுதான்.

முதல் படம், கேரிக்கே எழுதிய ஒரு குட்டி நாடகத்திலிருந்து. மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு விழாவை லண்டன் போய்ப் பார்த்துவிட்டு ஊர் திரும்பிய விவசாயி, வீட்டாரிடம் நகரத்துக் கதைகளை அளக்கும் நகைச்சுவை அது. கேரிக் குழாய் புகைத்தபடி உட்கார்ந்திருக்க, குடும்பம் வாய் பிளந்து கேட்கிறது. அதே நாடகத்துக்குப் புத்தகப் படம் வரைந்து கொடுத்தவர் ஹோகார்த். அன்றைய இங்கிலாந்தில் அவரைவிடப் பெரிய பெயர் ஓவியத்தில் இல்லை. ஸோஃபனியின் ஓவியம் 1762-ல் கண்காட்சிக்கு வந்தபோது, பார்த்தவர்களில் சிலர் ஹோகார்த்தின் படத்தைவிட இதுவே மேல் என்றார்கள். லண்டன் வந்து ரெண்டே வருஷம்.

அதற்கப்புறம் வரிசையாக வந்தன. அதில் எனக்கு மிகவும் பிடித்தது சர் ஜான் ப்ரூட் வேடத்தில் கேரிக் இருக்கும் படம். வான்ப்ரூ எழுதிய நாடகம். குடித்துவிட்டு மனைவியைக் கொடுமைப்படுத்தும் கணவன், பெண் உடையைப் போட்டுக்கொண்டு தெருவில் கலாட்டா செய்து, ராத்திரிக் காவலர்களிடம் மாட்டிக்கொள்கிறான். நாடகம் முதலில் எழுதப்பட்டபோது அவன் போட்டது பாதிரியார் உடை. சமயத்தை அவமதிக்கிறது என்று எதிர்ப்பு வந்ததால் பிறகு பெண் உடையாக மாறியது. மதத்தைத் தொட்டால் சிக்கல், பெண்ணைக் கிண்டல் செய்தால் சிரிப்பு என்ற கணக்கு 300 வருஷத்துக்கு முன்னாலேயே இருந்திருக்கிறது. படம் இப்போது வோல்வர்ஹாம்டன் கலைக்கூடத்தில் இருக்கிறது. போய்ப் பார்த்தேன். பெரிய பாவாடையும் தலையில் பெண்கள் தொப்பியுமாகக் கேரிக். முகத்தில் மட்டும் அசல் முரட்டு ஆம்பளை. அந்த முகத்தைப் பார்த்து நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். காவலாளி திரும்பிப் பார்த்தார்.

இந்தப் படங்கள் எப்படி உருவாயின என்பதையும் சொல்லவேண்டும். அரங்கத்தில் உட்கார்ந்து நாடகம் நடக்கும்போதே வரைந்தவை இல்லை. நடிகர்கள் ஓவியரின் அறைக்கு வந்து, வேட உடையோடு உட்காருவார்கள். முகத்தைத் தனியாகப் பார்த்து வரைந்து, பிறகு எல்லோரையும் ஒரே காட்சியில் சேர்ப்பார் ஸோஃபனி. அங்கேதான் அவருடைய திறமை. பொத்தான், சரிகை, மேஜைமேல் இருக்கும் சாமான் வரைக்கும் ஒன்று விடமாட்டார். இத்தாலியில் கற்றதும் கடிகார முகப்பில் பழகியதும் இங்கே ஒன்றாகக் கைகொடுத்தன என்று நினைக்கிறேன்.

கேரிக் மட்டுமில்லை, அவருக்குப் போட்டியாக இருந்தவர்களும் ஸோஃபனியைத் தேடி வந்தார்கள். காவென்ட் கார்டன் அரங்கில் ஓடிய லவ் இன் எ வில்லேஜ் என்ற இசை நகைச்சுவை நாடகத்தில் நடித்த ஷூட்டர், பியர்ட், டன்ஸ்டல் மூவரையும் 1767-ல் வரைந்தார். இதில் ஜான் பியர்ட் பெரிய பாடகர், இசை மேதை ஹாண்டெல் இவருக்காகவே பாடல்கள் அமைத்திருக்கிறார். அதே 1767-ல் காது கேட்காமல் போனதால் பியர்ட் மேடையை விட்டே விலகிவிட்டார். அந்தப் படத்தைப் பார்க்கும்போது இது மனசில் ஓடிக்கொண்டே இருக்கிறது. காது கேட்காமல் போன ஒரு பாடகர், படத்தில் கம்பீரமாக நிற்கிறார். அவர் குரல் எப்படி இருந்ததுன்னு இனி யாராலும் சொல்ல முடியாது. நின்ற விதம் மட்டும் நம்மிடம் இருக்கிறது.

சாமுவேல் ஃபூட் கதை இன்னும் உருக்கமானது. மற்றவர்களை அப்படியே நடித்துக்காட்டிக் கிண்டல் செய்வதில் மன்னன். 1766-ல் பெரிய மனிதர்கள் சிலர் விளையாட்டுக்காக அவரை முரட்டுக் குதிரைமேல் ஏற்றிவிட, கீழே விழுந்து ஒரு காலை இழந்தார். அதற்கு ஈடாகக் கிடைத்தது ஹேமார்க்கெட்டில் நாடகம் போடும் உரிமம். அவர் வீட்டில் முடங்கவில்லை. மரக்காலை வைத்தே சிரிக்கவைக்கும் நாடகம் ஒன்றை எழுதி 1768-ல் மேடையேற்றினார். டாக்டர்களைக் கிழித்துத் தொங்கவிட்ட நாடகம் அது. அந்தக் காட்சியையும் ஸோஃபனி வரைந்தார், பக்கத்தில் வெஸ்டன் என்ற இன்னொரு நகைச்சுவை நடிகர்.

1770-ல் பென் ஜான்சன் நாடகத்தில் ஏமாளிப் புகையிலைக் கடைக்காரன் ஏபல் ட்ரக்கராகக் கேரிக் நடித்த காட்சியை ராயல் அகாடமி கண்காட்சியில் வைத்தார். அகாடமியின் தலைவர் ரெனால்ட்ஸே அதை 100 கினி கொடுத்து வாங்கினார். உடனே கார்லைல் பிரபு கூடுதல் தொகை கொடுத்து அவரிடமிருந்து வாங்கிக்கொள்ள, அந்த உபரிப் பணத்தை ரெனால்ட்ஸ் ஸோஃபனிக்கே கொடுத்துவிட்டார். அந்தப் படம் இன்றும் கார்லைல் குடும்பத்தின் காசில் ஹோவர்ட் மாளிகையில் இருக்கிறது.

இதற்குள் அரண்மனைக் கதவும் திறந்துவிட்டது. மூன்றாம் ஜார்ஜின் மனைவி சார்லட் ராணி ஜெர்மனியில் பிறந்தவர். அவருக்கும் ஸோஃபனிக்கும் தாய்மொழி ஒன்று. ராணியையும் குழந்தைகளையும் வரைந்தார். 1769-ல் மன்னரே அவரை ராயல் அகாடமி உறுப்பினராக நியமித்தார். ஸௌஃபாலி என்ற பெயர் இங்கிலீஷ்காரர் வாயில் நுழையாமல் ஸோஃபனியாகத் தேய்ந்ததும் இந்த வருஷங்களில்தான். என் பெயரை அலுவலகத்தில் ரெண்டு எழுத்தாக வெட்டிவிட்டார்கள், அதனால் இந்த விஷயம் மட்டும் எனக்கு உடனே புரிந்தது.

வெளியே வெற்றி, வீட்டில் அப்படி இல்லை. கூட வந்த மனைவிக்கு லண்டன் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் ஜெர்மனிக்கே திரும்பிவிட்டார். பிறகு மேரி தாமஸ் என்ற பெண்ணோடு ஸோஃபனி வாழ்ந்தார். புலம்பெயர்ந்த வாழ்க்கையின் கணக்கை எழுதும்போது சம்பாதித்ததை மட்டும் எழுதுகிறோம். திரும்பிப் போனவர்கள் பெயர் அதில் வருவதே இல்லை.

1772-ல் கேப்டன் குக்கின் ரெண்டாவது கடல் பயணத்தில் ஜோசப் பேங்க்ஸ் குழுவோடு போக ஏற்பாடானது. பேங்க்ஸ் கடைசி நேரத்தில் விலகிவிட, ஸோஃபனியின் வாய்ப்பும் போனது. உடனே ராணி அவரை ஃப்ளாரன்ஸ் நகருக்கு அனுப்பினார், உஃபிட்ஸி கலைக்கூடத்தின் ட்ரிபூனா அறையை வரைந்து வரச்சொல்லி. பல வருஷம் உட்கார்ந்து வரைந்தார். ஆனால் அறையிலிருந்த ஓவியங்களோடு, அங்கே சுற்றிக்கொண்டிருந்த இங்கிலீஷ் கனவான்கள் கூட்டத்தையும் உள்ளே வரைந்துவிட்டார். ராணிக்கு அது பிடிக்கவில்லை. காட்சி என்று இருந்தால் அதில் நடிக்க ஆள் வேண்டும் என்பது அவருடைய கைப்பழக்கம்.

1779-ல் லண்டன் திரும்பியபோது எல்லாம் மாறியிருந்தது. அந்த வருஷம் ஜனவரியில்தான் கேரிக் இறந்திருந்தார். அரண்மனையின் ஆதரவும் போச்சு. 1781-ல் ஷெரிடனின் தி ஸ்கூல் ஃபார் ஸ்கேண்டல் நாடகத்தில் வட்டிக்காரன் மோசஸாக நடித்த ராபர்ட் பேட்லியின் படத்தைக் கண்காட்சியில் வைத்தார். பேட்லி சமையல்காரராக இருந்து நடிகரானவர். தன் உயிலில் 100 பவுண்ட் எழுதி வைத்து, அதன் வட்டியில் ஆண்டுதோறும் ஜனவரி 6 அன்று ட்ரூரி லேன் நடிகர்களுக்குக் கேக்கும் ஒயினும் தரச்சொன்னார். அந்த வழக்கம் இன்றைக்கும் நடக்கிறது.

1783-ல் அவர் இந்தியாவுக்குப் புறப்பட்டார். மதராஸில் இறங்கி, அங்கிருந்து கல்கத்தா, பிறகு லக்னோ. இங்கேதான் எனக்கு அவர்மேல் மனத்தாங்கல். அவர் வந்தது பணத்துக்காக. பணம் யாரிடம் இருந்தது? கம்பெனி அதிகாரிகளிடம். அவர்களுக்கு அது எங்கிருந்து வந்தது என்று நமக்குத் தெரியும். ஹேஸ்டிங்ஸ், கல்கத்தா தலைமை நீதிபதி இம்பே, லக்னோவில் பணம் குவித்த பிரெஞ்சுக்காரர் க்ளாட் மார்ட்டின் என்று வரிசையாக வரைந்தார். லக்னோ சேவல் சண்டைப் படத்தில் நவாப் ஆசப் உத் தௌலா நடுவில் இருக்கிறார், சுற்றிலும் கம்பெனிக்காரர்களும் உள்ளூர்க்காரர்களும் கலந்து கூச்சல் போடுகிறார்கள். ஸோஃபனி தன்னையும் ஓர் ஓரமாக வரைந்துகொண்டார். மிக அழகான படம். ஹேஸ்டிங்ஸுக்காக வரைந்தது, இப்போது லண்டன் டேட் கலைக்கூடத்தில் இருக்கிறது. பார்க்கும்போது நகைச்சுவை நாடகம் போலவேதான் இருக்கிறது. சேவலுக்குப் பந்தயம் கட்டிய பணத்துக்காக வரி கட்டின விவசாயி மட்டும் அந்த மேடையில் இல்லை.

அதே சமயம் அவர் யாரையும் கும்பிட்டு விழுந்தவரும் இல்லை. கல்கத்தா செயின்ட் ஜான்ஸ் தேவாலயத்துக்கு 1787-ல் இயேசுவின் கடைசி இரவு உணவைத் தீட்டினார். இயேசுவின் சீடர்களுக்கு நகரத்துப் பெரிய மனிதர்களையே மாடலாக வைத்தார். காட்டிக்கொடுத்த யூதாஸுக்கு ஊரறிந்த ஏலக்காரர் ஒருவரின் முகத்தைக் கொடுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பிரார்த்தனைக்கு வந்து, சுவரில் தன் முகத்தைப் பார்த்தவர் நிலைமையை நினைத்துப் பாருங்கள்! படம் இன்றும் அங்கேயே இருக்கிறது.

1789-ல் கை நிறையப் பணத்தோடும் தளர்ந்த உடம்போடும் லண்டன் திரும்பினார். ஸ்ட்ராண்ட் ஆன் தி கிரீன் வீட்டில் கடைசிக் காலம். மறுபடியும் ஒரு கடைசி இரவு உணவு வரைந்தார். இந்த முறை சீடர்களாக உட்கார்ந்தவர்கள் அந்தக் கரையோர மீனவர்கள் என்று இங்கே சொல்வார்கள். 1810 நவம்பர் 11 அன்று 77 வயதில் இறந்தார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் க்யூ செயின்ட் ஆன்ஸ் தேவாலய வளாகத்தில் கல்லறை. கெய்ன்ஸ்பரோவும் அங்கேதான் இருக்கிறார்.

இதையெல்லாம் இப்போது ஏன் எழுதுகிறேன்? ரெண்டு காரணம்.

ஒன்று, வெளியிலிருந்து வந்தவர்கள் இந்த நாட்டுக்கு என்ன கொடுத்தார்கள் என்ற கேள்வி இங்கே திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிறது. கேட்பவர்கள் வரி, விசா, சம்பளக் கணக்கோடு நிறுத்திவிடுகிறார்கள். 18-ம் நூற்றாண்டு இங்கிலீஷ் நகைச்சுவை மேடை எப்படி இருந்தது, நடிகர் கையை எப்படி உயர்த்தினார், என்ன சட்டை போட்டார் என்று தெரிந்துகொள்ள இன்றைய ஆராய்ச்சியாளர்கள் புரட்டுவது, இங்கிலீஷ் சரியாக வராமல் வந்து இறங்கிய ஒருவர் வரைந்த படங்களை. அந்த நாடகங்களில் பலவற்றை இப்போது யாரும் போடுவதுகூட இல்லை.

இன்னொன்று, யார் படத்தில் வருகிறார்கள், யார் வருவதில்லை என்பது. ராயல் அகாடமி உறுப்பினர்கள் எல்லாரும் கூடியிருக்கும் காட்சியை 1772-ல் ஸோஃபனி வரைந்தார். ஆடையில்லாத ஆண் மாடல் இருக்கும் அறையில் பெண்கள் இருக்கக்கூடாது என்ற விதி. அதனால் பெண் உறுப்பினர்களான ஏஞ்சலிகா காஃப்மன், மேரி மோசர் இருவரையும் சுவரில் தொங்கும் ரெண்டு படங்களாக மட்டும் வைத்தார். அவருடைய நாடகப் படங்களில் பல இருக்கும் லண்டன் கேரிக் கிளப், பெண்களை உறுப்பினராகச் சேர்க்க ஓட்டுப் போட்டது 2024-ல்தான். விதியை மீற முடியாத இடத்தில் சுவரிலாவது ஓர் இடம் ஒதுக்கிய அந்த ஓவியருக்கு, பெயர் இல்லாமல் வேலை பார்ப்பது எப்படி இருக்கும் என்று தெரிந்திருந்தது என்பது என் எண்ணம்.

லண்டனில் இருப்பவர்கள் ஒரு நாள் டேட் பிரிட்டனுக்குப் போய்விட்டு வாருங்கள். அனுமதி இலவசம். கல்கத்தா போகிறவர்கள் விக்டோரியா மெமோரியலையும் செயின்ட் ஜான்ஸ் தேவாலயத்தையும் பாருங்கள். குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள், யூதாஸ் கதையைச் சொன்னால் நிச்சயம் சிரிப்பார்கள்.